வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு வன்னியில் மனம் குழம்பினால்: முதல் இரவிலிருந்து திரும்பும் விமானம் வரை

கோயில் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ காணி அலுவலுக்கோ கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்தோ வந்தவர் திடீரென்று இரவு முழுக்க நடக்கத் தொடங்குகிறார். அல்லது ஒரு மூலையில் குந்தியிருந்து, தன்னைக் கொல்ல ஆட்கள் வருகிறார்கள் என்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இப்படியான குடும்பங்களோடு வைத்தியசாலைக்குப் போய் வந்த அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன்.

நான் கண்ட குடும்பங்கள் அக்கறையில்லாததால் தடுமாறவில்லை. வேலைகளைச் செய்யும் ஒழுங்கு மாறியதால்தான் தடுமாறினார்கள். முதலில் டிக்கெட்டை மாற்ற ஓடுவார்கள். பிறகு நூல் கட்டப் போவார்கள். அப்புறம் கொழும்பில் தனியார் வைத்தியர் யார் என்று விசாரிப்பார்கள். ஐந்தாம் நாள், ஆளைப் பிடிக்க முடியாமல் போன பிறகுதான் பக்கத்து வைத்தியசாலை நினைவுக்கு வரும். செய்ய வேண்டிய ஒழுங்கு வேறு: உடம்பைப் பார்ப்பது, கிட்ட உள்ள வைத்தியசாலைக்குப் போவது, மருந்து விவரம் எடுப்பது, கடதாசி வேலை, கடைசியாக விமானம்.

இப்போதே ஆபத்து என்றால் மற்றதை விட்டுவிட்டு 4ஆம் பகுதிக்குப் போங்கள்.

1. புறப்படும் முன்: ஒரு உறைக்குள் இருக்க வேண்டியவை

ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து எடுப்பவர் வருகிறார் என்றால், அவர் நலமாக இருக்கும்போதே ஒரு உறை தயாராக வேண்டும். அதில் முதலாவது, அவருடைய வைத்தியரின் கடிதம். நோயின் பெயர், மருந்துகளின் பொதுப் பெயர், அளவு, எடுக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாதாந்த ஊசி போடுபவர் என்றால் கடைசியாகப் போட்ட திகதியும் அடுத்த திகதியும் தேவை. பெட்டியில் அச்சடித்த வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், பொதுப் பெயர் பெரும்பாலும் மாறாது. இங்குள்ள வைத்தியருக்கு உதவுவது பொதுப் பெயர்தான்.

இரண்டாவது, ஒரு ஒப்புதல் கடிதம். "எனக்கு வருத்தம் கூடினால் என் வைத்தியர் இன்ன உறவினரோடும், இலங்கையில் என்னைப் பார்க்கும் வைத்தியரோடும் பேசலாம்" என்று அவரே எழுதிக் கையொப்பமிட்டு, அங்குள்ள கிளினிக்கிலும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பிறகு இங்கிருந்து ரொறன்ரோவுக்கு இரவிரவாகப் போன் எடுத்தால், நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்ற பதில்தான் வரும். அவர்கள் சட்டப்படிதான் நடக்கிறார்கள். ஆனால் இங்கே இரண்டு நாள் வீணாகிறது.

மூன்றாவது, பயணக் காப்புறுதிப் பத்திரமும் அதன் 24 மணிநேர இலக்கமும். காப்புறுதி எடுக்கும்போது பழைய மனநோயை மறைக்காதீர்கள். முன்பே இருந்த வருத்தத்தைச் சொல்லாமல் விட்டால், அந்த ஒரே காரணத்தைக் காட்டிக் காசு தர மறுக்கலாம். கடவுச்சீட்டின் பிரதியையும் இதே உறைக்குள் வையுங்கள்.

குளிசைகள் கைப்பையில், மூலப் பெட்டியோடு வர வேண்டும். இருக்கும் நாட்களுக்கு மேலாக இரண்டு கிழமைக்குக் கூடுதலாக இருக்கட்டும். பெரிய சூட்கேஸ் இரண்டு நாள் பிந்தி வந்து, அதற்குள் மருந்து விடுபட்டு நோய் கூடி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

நேர வித்தியாசத்தையும் முன்பே பேசி வையுங்கள். ரொறன்ரோவுக்கும் இங்கும் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணிநேர இடைவெளி. இரவுக் குளிசையை எந்த நாளிலிருந்து எந்த மணிக்கு மாற்றுவது என்று அங்குள்ள வைத்தியரே எழுதித் தர வேண்டும். விமானத்தில் ஒன்று விடுபட்டது என்று வந்திறங்கியதும் இரண்டாகப் போடுவது ஆபத்து.

இன்னொன்று. வன்னி காட்டுப் பகுதி என்று மலேரியாத் தடுப்புக் குளிசை வாங்கி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. அந்தக் குளிசைகளில் மெஃப்லோகுயின் என்பது பதற்றம், பயங்கரக் கனவு, சிலவேளை மனக்குழப்பத்தையே உண்டாக்கும். முன்பு மனநோய் இருந்தவருக்கு அது கூடவே கூடாது. இந்தப் பயணத்துக்கு அது தேவையுமில்லை.

2. முதல் அறிகுறி: எத்தனை மணிநேரம் நித்திரை?

ஐரோப்பாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ இங்கே வருவது கிழக்கு நோக்கிய பயணம். இரவு சுருங்கிவிடும். இருமுனை மனநிலை நோய் (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவருக்கு ஒரு இரவு நித்திரை போவதே அதீத உற்சாக நிலையைக் கிளப்பப் போதும். வந்திறங்கிய வீடோ சனம் நிறைந்து கிடக்கும். விடியும் வரை கதை, அடுத்த நாள் கோயில், அதற்கடுத்த நாள் விருந்து. யாரும் நித்திரையைக் கணக்கெடுப்பதில்லை.

நேர மாற்றத்தால் நித்திரை குழம்பியவர் பகலில் தூங்கி வழிவார். உற்சாக நிலை தொடங்கியவர் இரண்டு மணிநேரம் படுத்துவிட்டுக் களைப்பே இல்லாமல் எழும்புவார். பேச்சு வேகமாகும். கண்ட கண்டவருக்குக் காசு கொடுப்பார். பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன் என்பார். "வெளிநாட்டுக்காரன்தானே, நல்ல மனம்" என்று ஊரும் சந்தோசப்படும். இரண்டு இரவு இப்படிப் போனால் மூன்றாம் நாள் காலையில் வைத்தியரிடம் கொண்டு போங்கள். வங்கி அட்டையையும் கடவுச்சீட்டையும் அவர் நம்பும் ஒருவர், அவருக்குச் சொல்லியே வாங்கி வைக்கட்டும். ஒளித்து வைத்தால் சந்தேகம்தான் வளரும்.

வன்னிக்கு வருகிறவர்களிடம் வேறொன்றும் உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு முதல் தடவையாகத் திரும்பி வருகிறவர் இடிந்த வீட்டு அத்திவாரத்தில் நின்று அழுவார். முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்து இரண்டு நாள் பேசாமல் இருப்பார். இதை நோய் என்று எடுத்து வைத்தியசாலைக்கு இழுக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும், கேள்வி கேட்கத் தேவையில்லை. ஆனால் சாப்பாடும் நித்திரையும் நின்றுபோனால், இறந்தவர்களிடம் தானும் போகிறேன் என்று பேசினால், அல்லது இப்போதும் ஷெல் விழுகிறது என்று பதுங்கி அதிலிருந்து மீள முடியாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். என்ன செய்வதென்று தெளிவில்லாவிட்டால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேரத் தொலைபேசி அது, தமிழிலும் பேசலாம்.

3. மனம் என்று முடிவெடுக்கும் முன் உடம்பு

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களால்தான் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. குழப்பமாகப் பேசுகிறவர் எல்லாருக்கும் மனநோய் இல்லை. திடீரென்று, மணிக்கணக்கில் தொடங்கிய குழப்பம், அதிலும் மாலையில் கூடிக் காலையில் குறைவது, இடமும் நாளும் தெரியாமல் போவது என்றால் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸிலிருந்து வந்த எழுபது வயது மாமி ஒருவர், இறந்த கணவர் கேற்றடியில் நிற்கிறார் என்று இரவில் கூப்பிட்டார். பேய் என்றார்கள். உடுக்கடித்தார்கள். மூன்றாம் நாள் வைத்தியசாலையில் சலப் பரிசோதனை செய்தபோது கிருமித் தொற்று. இரத்தத்தில் சோடியமும் குறைந்திருந்தது. ஒரு கிழமையில் பழைய மாமி திரும்பி வந்தார். வயதானவர்களில் இது அடிக்கடி நடக்கும்.

வேறு காரணங்களையும் மனதில் வையுங்கள். காய்ச்சல் இருந்தால் டெங்கு, வயலில் இறங்கியவர் என்றால் எலிக்காய்ச்சல், மூளைக்காய்ச்சல். சீனி வருத்தக்காரர் என்றால் உடனே சீனியைப் பாருங்கள், குறைந்தாலும் கூடினாலும் பேச்சு மாறும். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர் என்றால் தலையில் அடி. சித்திரை வெயிலில் காணி அளக்க நின்றவர் என்றால் வெப்பம்.

இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, குடி. அங்கே தினமும் குடிக்கிறவர் திருவிழாவுக்காக விரதம் பிடித்து ஒரேயடியாக நிறுத்துகிறார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, வியர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். சாமி வந்துவிட்டது என்று நினைப்பார்கள். இது மதுவை நிறுத்தியதால் வரும் நிலை, வலிப்பு வந்து உயிரே போகலாம். அன்றைக்கே வைத்தியசாலை. பல வருடம் நித்திரைக் குளிசை எடுத்துத் திடீரென்று விட்டவருக்கும் இதே ஆபத்து.

மற்றது, இருமுனை மனநிலை நோய்க்குக் கொடுக்கும் லித்தியம். இது எடுப்பவர் எங்கள் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வாகனத்தில் வந்ததால் ஏற்பட்ட முதுகு நோவுக்கு பாமசியில் ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் வாங்கிப் போட்டால் இன்னும் ஏறும். சில பிரஷர் குளிசைகளும் அப்படித்தான். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறுவது தெரிந்தால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே கொண்டு போங்கள். வைத்தியரிடம் முதல் சொல்லாக "லித்தியம் எடுப்பவர்" என்று சொல்லுங்கள். வெறியில் தள்ளாடுகிறார் என்று விட்டுவிடக் கூடாது.

4. எங்கே, எப்படிக் கொண்டு போவது

கிட்ட உள்ள அரச வைத்தியசாலைக்கு. கொழும்புக்கு ஓட வேண்டாம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஏ9 வீதியில் நடு இரவில் ஓடும் வானின் கதவைத் திறந்து குதிக்கப் பார்ப்பவரை இரண்டு தம்பிமார் பிடித்துக்கொண்டு போவது சிகிச்சை ஆகாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு இடங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. முதலில் அவசர சிகிச்சைப் பிரிவில் உடம்பைப் பார்ப்பார்கள், பிறகு உளநலப் பிரிவுக்கு அறிவிப்பார்கள். அங்கே முடியாவிட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலைக்கோ அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கோ அவர்களே அம்புலன்ஸில் மாற்றுவார்கள். அப்படி மாற்றும்போது வழியில் தேவையான மருந்தும் வைத்தியர் எழுதிய துண்டும் கூடவே போகும். நீங்களாகக் கொண்டு போனால் இரண்டும் இல்லை.

கடவுச்சீட்டு வெளிநாடு என்பதற்காக வாசலில் தயங்காதீர்கள். கட்டணம் உண்டா, எவ்வளவு என்று அனுமதித்த பிறகு அலுவலகத்தில் ஒருவர் போய்க் கேட்டு, பற்றுச்சீட்டோடு கட்டுங்கள். காப்புறுதிக்கு அந்தப் பற்றுச்சீட்டு வேண்டும்.

ஆபத்து என்றால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போனில் "விசர் பிடித்திட்டுது" என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நடப்பதைச் சொல்லுங்கள்: "மூன்று நாளாக நித்திரையில்லை, கையில் கத்தி இல்லை, யாரையும் அடிக்கவில்லை, காய்ச்சல் இல்லை, வெளியே ஓடப் பார்க்கிறார்." கையில் ஆயுதம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், 119க்கும் எடுங்கள். பொலிஸ் வந்தால், இவர் நோயாளி, முறைப்பாடு இல்லை, வைத்தியசாலைக்குக் கொண்டு போக உதவி மட்டும் வேண்டும் என்று ஒருவரே பேசட்டும்.

வண்டி வரும் வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்களைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றுங்கள். கிணற்றடியில் ஒருவர் நிற்கட்டும். மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து வையுங்கள். அவரோடு பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும், மெதுவாக, தள்ளி நின்று. ஆட்கள் வருகிறார்கள் என்று அவர் சொன்னால் "ஒருவரும் இல்லை" என்று சண்டை பிடிக்கவும் வேண்டாம், "ஓம் வருகிறார்கள்" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உங்களுக்குப் பயமாக இருக்கு, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்பது போதும்.

கயிற்றால் கட்டாதீர்கள். குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஏறி இருக்கவே கூடாது, மூச்சு நின்றுவிடும்.

ஆள் காணாமல் போனால் ஊராரோடு தேடுவதுடன் உடனே பொலிஸுக்கும் சொல்லுங்கள். இந்த ஊர் அவருக்குப் பழக்கமில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இரவில் யானை இறங்கும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட காணிகள் உண்டு, அந்தச் சிவப்புப் பலகை என்ன என்று வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது.

யாரும் வீடியோ எடுக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். அவர் சுகமாகித் திரும்பிப் போய் வேலை செய்ய வேண்டியவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒரு நிமிட வீடியோ அவருக்கு முன்பே ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். அதன் பிறகு அவர் ஊருக்கு வரவேயில்லை.

நூல் கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை, திருநீறு பூசினால் மனம் ஆறும் என்றால் பூசுங்கள். வைத்தியசாலைக்குப் போன பிறகு அதைச் செய்யலாம். பட்டினி போடுவது, அடிப்பது, புகை போடுவது, குளிசையை நிறுத்தச் சொல்வது ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும் அந்த இடத்தை விட்டு எழும்புங்கள்.

5. வைத்தியரிடம் எதைச் சொல்வது

கூட்டமாகப் போய் எல்லாரும் பேசினால் வைத்தியருக்குக் கிடைப்பது சத்தம் மட்டும். ஒருவர் பேசுங்கள், அதுவும் இந்த நாட்களில் கூடவே இருந்தவர். ஒரு தாளில் திகதி வாரியாக எழுதிக் கொண்டு போவது நல்லது: எப்போது வந்திறங்கினார், எந்த இரவிலிருந்து நித்திரை இல்லை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், குளிசை எப்போது நின்றது, காய்ச்சல், விழுந்தது, குடி, கஞ்சா, வேறு போதை. கஞ்சாவைச் சொன்னால் பொலிஸுக்குப் போகுமோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள். மறைத்தால் மருந்துதான் பிழையாகிப் போகும்.

குளிசைப் பெட்டிகளை அப்படியே கொண்டு போங்கள், வெறும் பெட்டி என்றாலும் சரி. பெட்டி இல்லை என்றால் அங்குள்ள வீட்டாரிடம் குளியலறை அலுமாரியைத் திறந்து எல்லாப் பெட்டிகளின் லேபலையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

கடும் மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் குளோசபின் எடுப்பவர் என்றால், கடைசி வேளை எப்போது என்பதை மணிக்கணக்கில் சொல்ல வேண்டும். 48 மணிநேரத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது. மிகச் சிறிய அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். வீட்டில் ஒரு பெட்டி மிஞ்சிக் கிடந்தது என்று உறவினர் தாங்களாகவே தொடங்குவது இதனால்தான் ஆபத்து. மாதவிடாய் பிந்தியிருக்கிறதா, கர்ப்பமா என்பதையும் பெண்கள் விடயத்தில் சொல்லுங்கள். வலிப்புக்கும் மனநிலை நோய்க்கும் கொடுக்கும் வல்புரோயேட் போன்ற மருந்துகள் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும்.

தன் விருப்பத்தோடு அனுமதிக்கச் சம்மதிக்காதவர் என்றால், கூட வந்த நெருங்கிய உறவினரிடம் வைத்தியர் பேசி முடிவெடுப்பார். 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டத்தில் உள்ள நீதிமன்ற வழி ஒன்றும் இருக்கிறது. பொறுப்பான உறவினர் கூடவே நின்றால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வருவதில்லை. ஆகவே தூரத்து உறவினரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

6. மொழி

அங்கே பிறந்த பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், ஆனால் பயமும் குரல்களும் அதற்கு ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சிலோதான் வரும். வைத்தியர் தமிழில் கேட்க "ஓம்", "இல்லை" என்று முடித்துவிடும். அவர் எந்த மொழியில் யோசிப்பவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஆங்கிலம் என்றால் வைத்தியரே பேசுவார். மற்ற மொழி என்றால், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரைப் போனில் பிடிப்பது நல்லது. அம்மா மொழிபெயர்த்தால், சாகும் எண்ணம், காதல், போதை பற்றிய கேள்விகளில் பாதி அம்மாவிடமே நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பவர் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். பேச்சு கோர்வையில்லாமல் இருந்தால் கோர்வையில்லாமலே. அதைத் திருத்திச் சொன்னால் வைத்தியர் பார்க்க வேண்டிய அறிகுறியே மறைந்துவிடும்.

தமிழிலும் ஒரு கவனம் வேண்டும். "தலைக்குள் இரைகிறது" என்பது காதிரைச்சலாகவும் இருக்கலாம், குரல் கேட்பதாகவும் இருக்கலாம். "யோசனை" என்றால் சிலருக்குக் கவலை, சிலருக்குச் சாகும் எண்ணம். உதாரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள்.

7. வார்டில் நிற்கும் நாட்கள்

கூட நிற்பதற்கு ஒருவரைக் கேட்பார்கள். இரண்டு பேர் முறை மாறி நில்லுங்கள், மூன்றாம் நாள் நிற்பவரே விழுந்துவிடுவார். பார்க்க வருகிறவர்களைக் குறையுங்கள். உற்சாக நிலையில் உள்ளவருக்குச் சத்தமும் சனமும் நெருப்பில் நெய் ஊற்றுவது போல. வெளிநாட்டிலிருந்து மணிக்கொரு வீடியோ அழைப்பும் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு நேரம், ஒருவர்.

முதல் நாட்களில் அதிக நித்திரை வரும். "மயக்கி வைத்திருக்கிறார்கள்" என்று அங்கிருந்து கோபப்படுவார்கள். பல நாள் நித்திரையில்லாத மூளைக்கு அந்த நித்திரை சிகிச்சையின் பாதி. ஆனால் கழுத்து ஒரு பக்கம் இழுப்பது, கண் மேலே சொருகுவது, நாக்குத் தடிப்பது போலப் பேச முடியாமல் போவது, இருப்புக்கொள்ளாமல் தவிப்பது தெரிந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். சில ஊசிகளின் பக்க விளைவு இவை, மாற்று மருந்து உண்டு. உடம்பு விறைத்துக் கடும் காய்ச்சல் வந்தால் அது அவசரம்.

நாலாம் நாள் தெளிவாகப் பேசுகிறார் என்று கையொப்பமிட்டு வெளியே எடுக்காதீர்கள். நான் கண்ட இரண்டாம் தடவை விழுகைகளில் பல அப்படித்தான் வந்தன. பறப்புக்கு டிக்கெட் இருக்கிறது என்பது வெளியே எடுக்கக் காரணமில்லை.

8. தூதரகம், காப்புறுதி, விசா

அனுமதித்த அன்றைக்கே இந்த மூன்றையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். வார்டில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

காப்புறுதிக்கு முதலில் எடுங்கள். அவர்களுடைய அனுமதி இல்லாமல் தனியார் வைத்தியசாலைக்கு மாற்றினால் அந்தச் செலவைத் தர மறுக்கலாம். கோப்பு இலக்கம் ஒன்று தருவார்கள், அதை எல்லாக் கடதாசியிலும் எழுதுங்கள். மனநோய் அடங்குமா, கூடப் பறக்கும் தாதியின் செலவு அடங்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

தூதரகம் வைத்தியசாலைச் செலவைக் கட்டாது, ஆளைப் பிடித்து விமானத்தில் ஏற்றவும் மாட்டாது. அங்குள்ள குடும்பத்தோடு தொடர்பு, வைத்தியர் பட்டியல், தொலைந்த கடவுச்சீட்டுக்குப் பதில் பயணப் பத்திரம் போன்றவற்றுக்குத்தான் உதவும். பொலிஸ் பிடித்து வைத்திருந்தால், தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரையில் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இங்கே அந்த உதவி குறைவாகத்தான் கிடைக்கும், அதை எதிர்பார்த்து இருக்காதீர்கள். நோர்வேக்காரர் கவனிக்க: கொழும்பில் இருந்த தூதரகம் 2023இல் மூடப்பட்டது, இலங்கை அலுவல்களைப் புதுடில்லி பார்க்கிறது.

சுற்றுலா விசா பெரும்பாலும் 30 நாள்தான். வார்டில் இருக்கும்போதே அது முடிந்துவிடும். முடிவதற்கு முன்பே, வைத்தியசாலைக் கடிதத்தோடு நீடிப்புக்கு விண்ணப்பியுங்கள். சுகமாகி வருகிறவரை விமான நிலையத்தில் தண்டப் பணத்துக்காக மறித்து நிறுத்துவது அவருக்குத் தேவையில்லாத அடி.

9. விமானம்

எப்போது பறக்கலாம் என்று உளமருத்துவ நிபுணர் சொல்ல வேண்டும். நான் குடும்பங்களிடம் பார்க்கச் சொல்வது இவற்றை: தொடர்ந்து பல இரவு நித்திரை, வற்புறுத்தாமல் குளிசை எடுப்பது, மூடிய இடத்தில் சில மணிநேரம் இருக்க முடிவது, எங்கே போகிறோம் என்று அவரே சொல்வது. கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை பஸ்ஸில் போய் வரச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு பக்கம் போகும் அந்த ஒன்றரை இரண்டு மணிநேரம் தாங்காதவர் பதினைந்து மணிநேரம் தாங்க மாட்டார்.

நோயை மறைத்து ஏற்றாதீர்கள். விமான நிறுவனத்துக்கு மருத்துவத் தகவல் படிவம் ஒன்று உண்டு, வைத்தியரும் நிரப்ப வேண்டும், முன்கூட்டியே கொடுக்க வேண்டும். சொல்லாமல் ஏற்றி ஆள் உள்ளே குழம்பினால், நடுவழியில் இறக்கிவிடுவார்கள். அப்போது டோகாவிலோ டுபாயிலோ, உறவினர் ஒருவரும் இல்லாத வைத்தியசாலையில், முதல் பகுதியிலிருந்து எல்லாம் தொடங்க வேண்டும்.

கூடப் போகிறவர் அவர் நம்புகிறவராக இருக்க வேண்டும். தேவை என்றால் தாதி ஒருவரும். மாறும் இடம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், அங்கே காத்திருக்கும் நேரமும் குறுகியதாக இருக்கட்டும். வன்னியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவிரவாக ஓடி நேரே விமானம் ஏறுவது, ஒரு இரவு நித்திரையைப் பறிப்பது. முதல் நாளே பகலில் போய் நீர்கொழும்பில் தங்குங்கள். விமானத்தில் எந்த மணிக்கு எந்தக் குளிசை என்று இலங்கை நேரத்தில் எழுதி, மணிக்கூட்டையும் இலங்கை நேரத்திலேயே வைத்திருங்கள். அங்கே இறங்கிய பிறகு மாற்றலாம். சாராயம் தொடக் கூடாது.

வைத்தியசாலையை விட்டு வெளியேறும்போது டயக்னோசிஸ் கார்ட் (நோயும் சிகிச்சையும் எழுதிய அட்டை) தருவார்கள். அதோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் கேளுங்கள்: என்ன மருந்து, எந்த அளவு, கடைசி ஊசி எந்தத் திகதி, இரத்தப் பரிசோதனை முடிவு. மூலத்தை நோயாளி வைத்திருக்கட்டும், படமெடுத்து அங்குள்ள ஒருவருக்கும் அனுப்புங்கள். அங்குள்ள கிளினிக்கில் முதல் கிழமைக்குள் ஒரு நாள் எடுத்து வைத்த பிறகே டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். இங்கிருந்து இரண்டு கிழமைக் குளிசைதான் போகும், அங்கே நாள் கிடைக்க ஒரு மாதம் ஆனால் நடுவில் அவர் கையில் ஒன்றும் இருக்காது.